வயிறில்லாத பல்லி

எலும்புக்காரி வீட்டுச் சமையலறைச் சுவரில் இருந்த பல்லிக்கு இரண்டு தாடையும், வலது கண்ணும், முதுகில் ஒரு கையகலத் துண்டும் மட்டும்தான் உண்டு. அந்த இனத்தில் கல்லிலிருந்து அதுவரை கிடைத்தது அவ்வளவுதான். மற்ற இடமெல்லாம் வெறும் சுவர். தாடை ஜன்னலோரம் நகர்ந்தால் முதுகுத் துண்டும் ஒரு முழம் தள்ளி அதன் கூடவே நகரும். நடுவில் கழுத்து இருக்கவேண்டிய இடத்தில் போன வருடம் அடித்த சுண்ணாம்பு தெரியும். வீட்டுச் சொந்தக்காரர் வந்து பார்த்துவிட்டு, ஆணி அடித்தால்தான் தப்பு, இது தானாக ஒட்டிக்கொண்டது என்று சொல்லிவிட்டுப் போனார்.

தெருவில் எல்லாரும் எலும்புக்காரி என்று கூப்பிட்டாலும் அவள் மியூசியத்தின் கீழ்த்தளத்தில் மதிப்பான வேலை பார்ப்பவள். கல்குவாரியிலிருந்து வரும் சுண்ணாம்புக்கல்லை மணல் மூட்டைமேல் சாய்த்துவைத்து, பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தபடி, ஊசியால் கல்லைச் சுரண்டி எலும்பை மட்டும் விட்டுவைக்க வேண்டும். தும்மல் வந்தால் எழுந்து வராந்தாவுக்குப் போய்த்தான் தும்ம வேண்டும். இந்தத் தாடைக்கு ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் ஆயின. கல்லுக்குள்ளிருந்து முதல் பல் தெரிந்த அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்தபோது, மாமியார் கரண்டியால் சுவரைக் காட்டி, "உன் ஆபீஸ்லேருந்து ஒண்ணு உனக்கு முன்னாடியே வந்து உட்கார்ந்திருக்கு" என்றார். அதன் பிறகு கீழ்த்தளத்தில் எவ்வளவு எலும்பு வெளியே வந்ததோ, சுவரில் அவ்வளவு உடம்பு சதையும் செதிலுமாகச் சேர்ந்தது.

மியூசியத்துப் பேராசிரியர் அது இதுவரை அறிந்த எந்தப் பல்லிக் குடும்பத்திலும் சேராது என்று தீர்மானித்து, அதற்கென்று தனியாக ஒரு குடும்பத்தை ஏற்படுத்தினார். நல்ல நீளமான பெயர். அந்தக் குடும்பத்தில் வேறு யாரும் இல்லை. கோடிக்கணக்கான ஆண்டுகள் ஓடி, முட்டையிட்டு, சண்டைபோட்டு வாழ்ந்த கூட்டத்தில் மிச்சம் இது ஒன்று. "இருந்ததுல ஆயிரத்துல ஒண்ணுகூடக் கல்லாகறதில்லம்மா. கல்லானதுலயும் பாதி நம்ம கண்ணுல படறதில்ல" என்று பேராசிரியர் சமாதானம் சொன்னார். நீளப் பெயர் மாமியாரின் வாயில் நுழையாததால், அவர் அதற்கு அரைகுறை என்று பெயர் வைத்தார். ஒண்டிக்கட்டை என்று தெரிந்த பிறகு கொஞ்சம் மரியாதையும் கொடுத்தார்.

தொல்லை பசியில் ஆரம்பித்தது. விளக்கடியில் பூச்சி வந்தால் தாடை பாய்ந்து கவ்வும், மெல்லும். மென்றது பின்பக்கமாக வழிந்து அடுப்பு மேடையில் விழும். உள்ளே போக இடமில்லை. விழுந்ததை அந்த ஒற்றைக் கண் குனிந்து பார்க்கும், பிறகு அடுத்த பூச்சிக்குக் காத்திருக்கும். எலும்புக்காரி, அவள் புருஷன், மாமியார் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தால் அது சுவரோரமாகக் கீழே இறங்கிவந்து தட்டையே பார்க்கும். யாருக்கும் சோறு இறங்கவில்லை. முதலில் சத்தம் போட்டு விரட்டிப் பார்த்தார்கள். அப்புறம் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார்கள். அங்கே சாப்பிடும்போது அது இன்னும் அதிகமாக நினைவுக்கு வந்ததால் சமையலறைக்கே திரும்பிவிட்டார்கள். எலும்புக்காரிக்கு அழுகை அழுகையாக வந்தது. அதைக் கல்லுக்குள்ளிருந்து வெளியே எடுத்தவள் அவள்தான். அதற்கு வேண்டியது கழுத்தும் விலா எலும்பும். அது கிடைத்துவிட்டால் தொண்டையும் வயிறும் தானாக வந்துவிடும்.

அந்தக் கழுத்தும் விலாவும் எங்கே கிடக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. தாடை வந்த அதே குவாரியில்தான் கிடக்கும். அந்தக் குவாரியின் கிரஷரில்தான் அவள் புருஷன் வேலை பார்த்தான். பெல்ட்டில் ஓடிவரும் கல்லில் வேரோ இரும்புத் துண்டோ இருந்தால் பொறுக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தை அரவைக்குள் போகவிடுவது அவன் வேலை. அந்த வீட்டில் அரிசி வாங்குவது முக்கால்வாசி அவன் சம்பளத்தில். மனைவி தேடுவதைப் புருஷன் ஜல்லியாக்கிக்கொண்டிருந்தான் என்று ஊர் கேலி பேசியது. பேசிவிட்டு, அதே ஜல்லியில் வீடும் கட்டிக்கொண்டது.

அவன் கல்லைப் பார்க்கப் பழகினான். ஒரு நாள் ஒரு துண்டில் விரல்கள் விரிந்திருந்ததைக் கண்டு பெல்ட்டை நிறுத்தி எடுத்துவிட்டான். அவன் கல்லைத் துணியில் சுற்றிக்கொண்டு வீடு சேர்வதற்குள் சுவரில் பின்னங்கால் ஒன்று வந்துவிட்டிருந்தது. கால் வந்ததும் பல்லிக்கு வேகம் வந்தது. முன்பைவிட இரண்டு மடங்கு பூச்சி பிடித்தது, இரண்டு மடங்கு கீழே விழுந்தது. உதவி செய்யப் போய்ப் பசியைத்தான் பெருக்கினார்கள். மேஸ்திரி பெல்ட்டை நிறுத்தியதற்கு எச்சரித்தார்.

எலும்புக்காரி அப்போதுதான் அந்தத் தவறைச் செய்தாள். மியூசியத்தில் இல்லாத எலும்பைப் பிளாஸ்டரில் செய்துவைப்பது வழக்கம். உயிரோடு இருக்கும் உறவுக்காரப் பிராணியின் எலும்பைப் பார்த்துச் செய்து, பார்ப்பவர்கள் ஏமாறாமல் இருக்க நிறத்தைக் கொஞ்சம் வெளுப்பாக அடிப்பார்கள். அவள் உடும்பின் எலும்பைப் பார்த்துக் கழுத்தும் விலாவும் செய்து தாடைக்குப் பின்னால் பொருத்தினாள். வீட்டுக்கு ஓடிவந்து பார்த்தால், பல்லி வாய் முதல் இடுப்பு வரை முழுதாக, வெளுப்பாக இருந்தது. மாமியார் கைதட்டினார். ஒரு அந்துப்பூச்சி உள்ளே போயிற்று. போனது தொண்டையில் நின்றுவிட்டது. பிளாஸ்டர் விழுங்காது. மறுநாள் முழுவதும் பல்லி வாயைத் திறந்தபடி சுவரில் தலையை மோதிக்கொண்டே இருந்தது. அவள் மியூசியத்துக்குப் போய்த் தன் கையாலேயே உடைத்தாள். பிறகு வெகுநாள் அவள் சுவர்ப்பக்கம் முதுகைக் காட்டியே சமைத்தாள்.

அந்த வருடம் குவாரியில் கடைசி அடுக்கை வெடிவைத்து எடுத்தார்கள். கீழே தண்ணீர் வந்துவிட்டது, இனி தோண்ட முடியாது. ஒரு மத்தியானம், பெல்ட்டில் வந்த கல் ஒன்று நடுவில் பிளந்திருந்தது. பிளவில் கழுத்தெலும்பு வரிசையாகவும், அதையொட்டி விலா எலும்புகள் சீப்பின் பல் மாதிரியும் தெரிந்தன. எலும்புக்காரியின் புருஷனுக்குப் பார்த்தவுடனே புரிந்துவிட்டது. ஆனால் கல் கைக்கு எட்டாத பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. அவன் யோசிக்கவில்லை, சிவப்புப் பொத்தானை அடித்தான். பெல்ட் நின்றது, ஆனால் ஓடிய வேகத்தில் கொஞ்ச தூரம் போய்த்தான் நின்றது. கல் அரவைக்குள் விழுந்துவிட்டது. மேஸ்திரி வந்து, "சொல்லியும் கேக்க மாட்டேங்கறியேப்பா" என்று வருத்தத்தோடுதான் சொன்னார். ஆனாலும் நாளையிலிருந்து வரவேண்டாம் என்றுவிட்டார். அரவைக்கு அடியில் விழுந்ததில் கையில் அகப்பட்டதை அவன் டிபன் பாக்ஸில் அள்ளிக்கொண்டு வந்தான்.

அதை மனைவியின் முன்னால் கொட்டினான். அவள் ஊசியால் கிளறிப் பார்த்தாள். அரிசியைவிடப் பெரிதாக ஒன்றுமில்லை. எது கல், எது எலும்பு என்று அவளாலும் பிரிக்க முடியவில்லை.

"என்னால முடியல. பார்த்துட்டேன், ஆனா முடியல" என்றான்.

அப்போது மாமியார் உள்ளேயிருந்து வந்து, "அது கெடக்கட்டும், இன்னிக்கு அரைகுறை சாப்பிட்டுச்சுடா" என்றார்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். மத்தியானம் அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது சுவரில் திடீரென்று கழுத்து வந்ததாம், அதற்குப் பின்னால் மஞ்சளாக, தொளதொளவென்று வயிறு வந்ததாம். அதன் வாயில் ஒரு கரப்பான்பூச்சி இருந்ததாம். அது உள்ளே இறங்கியதைத் தன் கண்ணால் பார்த்ததாகவும், பல்லி கண்ணை மூடிக்கொண்டதாகவும், அப்புறம் எல்லாம் மறைந்து பழையபடி தாடையும் காலும் முதுகுத் துண்டும் ஆகிவிட்டதாகவும் சொன்னார்.

"எவ்வளவு நேரம் இருந்துச்சு அத்தை?"

"ஒரு கரப்பான்பூச்சி உள்ள இறங்கற நேரம்."

எலும்புக்காரியின் புருஷன் கல்லைக் கண்டதற்கும் கல் அரைபட்டதற்கும் நடுவே இருந்த நேரம் அது. கணக்குப் புரிந்ததும் அவன் தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான். எலும்புக்காரி அழவில்லை. எழுந்து சுவரருகே போய், அந்த ஒற்றைக் கண்ணைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள்.

பேராசிரியரிடம் சொன்னபோது, "கண்ணால பார்த்தது போதாதும்மா, மியூசியத் தட்டுல எலும்பு இருக்கணும்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சில வருடம் கழித்து வேறொரு நாட்டு அறிஞர் அந்தக் குடும்பத்தையே கலைத்துப் பல்லியை வேறு குடும்பத்தில் சேர்த்தார். சுவரில் இருந்ததற்கு அதனால் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. ஜல்லி ஏதோ ஒரு சாலைக்குப் போயிற்று. குவாரி குளமாயிற்று. எலும்புக்காரியின் புருஷன் பஸ் டிப்போவில் வேலைக்குச் சேர்ந்தான். மாமியார் காலமானார். பல்லி பூச்சியைக் கவ்வும், மெல்லும், விழுந்ததைப் பார்க்கும். இருவரும் மேடையைத் துடைத்துவிட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் சுவரைப் பார்த்துவிட்டு, பாவம், இதற்குச் சாப்பிட ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்பதுண்டு.

"அது சாப்பிட்டாச்சுங்க" என்பாள் எலும்புக்காரி. "நீங்க உட்காருங்க."