டாலாட்டில் புரட்டாசி ஒன்று

மெய்யம்மை ஆச்சியின் வாயிலிருந்து “பார்ப்போம்” என்ற சொல்லை எட்டு மாதத்தில் ஒன்பது தடவை கேட்டுவிட்டேன். நான் எண்ணிக்கொண்டுதான் வந்தேன். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். மலேசியாவில், கிள்ளானில் இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறேன். இந்த ஊரில் சிவப்பு விளக்கில் நிற்கிற கார்களில் பாதியை நான்தான் நிற்கப் பழக்கினேன் என்று சொல்லிக்கொள்வேன். சிக்னல் போட்டுவிட்டுத் திரும்பாமல் முன்னால் நின்றுகொண்டிருப்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆச்சி எட்டு மாதமாக அப்படித்தான் நின்றார்.

ஆச்சியின் ஒரே மகன் செந்திலும் என் மகள் ஷாமினியும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். எங்கள் பக்கம் ஒரு தடையும் இல்லை. செந்திலின் அப்பா பெரியகருப்பன், “மெய்யம்மை சொன்னா சரி” என்று ஒதுங்கிக்கொண்டார். அவர்களுக்குத் தலைநகரில், பிரிக்பீல்ட்ஸில் சொந்தக் கட்டடம், கீழே துணிக்கடை. நான் கேரி தீவில் செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவள். என் கணவர் சுகுமாறன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். அதனால்தான் அந்த அம்மாள் இழுத்தடிக்கிறார் என்று நானாகவே முடிவு கட்டி உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்டு மாதம் ஒரு நாள் ஷாமினி துணி மடித்தபடி, முகத்தை நிமிர்த்தாமல் சொன்னாள்.

“ம்மா, செந்திலுக்குப் பெர்த்ல வேலை கெடச்சிருச்சு. நவம்பர்ல நாட்ட விட்டே போறான். ஆன்டி மனசாரச் சரின்னு சொல்லாம நாங்க கல்யாணம் பண்ணிக்க மாட்டோம். அதுக்குள்ள பதில் வரலேன்னா இதோட விட்டுடலாம்னு பேசிட்டோம்.”

இருபத்தொன்பது வயதுப் பெண், மருந்தகத்தில் பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிறவள், ஒரே துண்டை மூன்று தடவை மடித்தாள்.

“அந்தப் பதில நான் வாங்கித் தரேன்,” என்றேன். எதை நம்பிச் சொன்னேன் என்று கேட்டால், என்னை நம்பித்தான்.

மறுநாளே பிரிக்பீல்ட்ஸ் போனேன். “ரெண்டு வீடும் சேர்ந்து எங்கயாச்சும் போய்ட்டு வருவோம் ஆச்சி. வியட்நாம்ல டாலாட்னு ஒரு மல ஊரு. குளிரும், பூ இருக்கும், சாப்பாடு அவ்வளவு நல்லாருக்குமாம். ஒருத்தர ஒருத்தர் தெரிஞ்சுக்கலாம்ல?”

“பார்ப்போம்,” என்றார் ஆச்சி. பத்து.

ஆனால் இரண்டு நாள் கழித்து அவரே போன் பண்ணி, ஸ்வெட்டர் ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா என்று கேட்டார். பெரியகருப்பனுக்கு முழங்கால் வலி, சுகுமாறனுக்கு லீவு கிடைக்கவில்லை; நானும் ஆச்சியும் பிள்ளைகள் இருவரும்தான் கிளம்பினோம். மலேசியா தின விடுமுறையோடு மூன்று நாள் சேர்த்து நான் டிக்கெட் போட்டேன். எங்கே போவது, எங்கே சாப்பிடுவது என்று நாள்வாரியாகப் பட்டியல் போட்டேன். நான்கு நாள், பதினோரு சாப்பாட்டுக் கடை. ஓட்டைக்கு இடமே இல்லாத பட்டியல் என்று நினைத்தேன்.

*

டாலாட் எனக்கு இறங்கியதுமே பிடித்துவிட்டது. நடுவில் பெரிய ஏரி, சுற்றிலும் பைன் மரங்கள், மேட்டிலும் பள்ளத்திலும் வீடுகள். நான் பார்த்த சந்திகளில் எல்லாம் சிக்னல் விளக்கே இல்லை. மோட்டார் சைக்கிள்காரர்கள் ரவுண்டபவுட்டில் ஒருவரை ஒருவர் முறைக்காமல் நுழைந்து வெளியேறினார்கள். கிள்ளானில் இப்படிச் செய்தால் பத்து நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்துவிடும்.

முதல் நாள் காலை, பட்டியலில் முதல் கடை. ஒரு பெண்மணி மண் அச்சுகளில் அரிசி மாவு ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு காடை முட்டையை உடைத்துவிட்டு மூடினாள். ஆச்சி நாற்காலியில் உட்காரவே இல்லை. அடுப்புப் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டார்.

“குழிப்பணியாரமேதான்! செந்திலு, அரிசிய எவ்வளவு நேரம் ஊற வைக்கிறாங்கன்னு கேளுடா.”

செந்தில் கைப்பேசியில் மொழிபெயர்த்துக் கேட்டான். அந்தப் பெண்மணி சிரித்துக்கொண்டு, கடிகாரத்தைக் காட்டி விளக்கினாள். ஆச்சி பன்னிரண்டு சாப்பிட்டார். தொட்டுக்கொள்ளக் கொடுத்த சாற்றை ஒரு சொட்டு நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார்.

“மீன் ஊறின உப்புத் தண்ணி, சர்க்கரை, எலுமிச்சம்பழம்... கடைசியா வறுத்த வெங்காயத்த எண்ணெயோட ஊத்தியிருக்கா.”

செந்தில் கேட்டுச் சொன்னான். ஒன்றுகூடத் தப்பவில்லை. அந்தக் கடைக்காரி ஆச்சியின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பிரிக்பீல்ட்ஸ் வீட்டில், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அளந்து பேசுகிற அம்மாள்தானா இது என்று நான் ஷாமினியைப் பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்தாள்.

அன்று வெண்ணெய்ப்பழத்தை அரைத்து மேலே தேங்காய் ஐஸ்கிரீம் வைத்துக் கொடுத்ததை ஆச்சி இரண்டு கிண்ணம் காலி செய்தார். உடைந்த பீங்கானையும் புட்டிச் சில்லுகளையும் பதித்துக் கட்டிய புத்தர் கோயிலைச் சுற்றி வந்து, “வீணாப் போனதுல எவ்வளவு அழகு பண்ணியிருக்காங்க,” என்றார். நல்ல மனநிலையில்தான் இருந்தார். நான் மெதுவாகக் கல்யாணப் பேச்சை எடுத்தேன்.

“பார்ப்போம்.”

பதினொன்று. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் ஓர் அருவி. கீழே போக, தண்டவாளத்தில் ஓடும் சின்ன வண்டி; ஒன்றில் இரண்டு பேர். பின்னால் உட்காருகிறவர் கையில் கம்பி. தள்ளினால் ஓடும், இழுத்தால் நிற்கும். வண்டி என்று வந்துவிட்டால் அது என் பேட்டை. “நான் பின்னாடி ஏறிக்கறேன் ஆச்சி, நீங்க பயப்படாம முன்னாடி உக்காருங்க,” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் ஆச்சி புடவையைச் செருகிக்கொண்டு பின்னிருக்கையில் ஏறிவிட்டார்.

அந்த அம்மாள் பிரேக்கே போடவில்லை. ஒரு வளைவிலும் போடவில்லை. பைன் மரங்கள் இரண்டு பக்கமும் பறந்தன. இருபத்திரண்டு வருடம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து உயிரைக் காப்பாற்றியவள், நான் முன்னால் அலறிக்கொண்டே போனேன். கீழே போய்ச் சேர்ந்ததும் ஆச்சி கலைந்த கொண்டையை முடிந்துகொண்டு கேட்டார்.

“இன்னொரு தடவ போலாமா?”

எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது. இவ்வளவு பிடித்த அம்மாள், ஒரே ஒரு வார்த்தைக்கு மட்டும் ஏன் பிரேக் போடுகிறார்?

*

மூன்றாம் நாள் காலை, ஹோட்டலில் ஆச்சி முட்டைத் தட்டை ஒதுக்கி வைத்தார்.

“இன்னைக்குப் புரட்டாசி ஒண்ணாச்சே. இனிமே ஒரு மாசம் நான் சைவம்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் வீட்டில் புரட்டாசி என்றால் சனிக்கிழமை மட்டும்தான் கறி கிடையாது. விமான நேரம் பார்த்தேன், மழை பார்த்தேன், பொது விடுமுறை பார்த்தேன். அடுப்படிச் சுவரில் தொங்குகிற தமிழ் நாள்காட்டியைப் பார்க்கவில்லை. அன்றைய பட்டியலில் இருந்த மூன்று கடையும் சுட்ட கறிக்குப் பேர்போனவை. ஷாமினி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

“ஒண்ணும் பிரச்னை இல்ல ஆச்சி. எல்லாம் யோசிச்சு வச்சிருக்கேன் லா,” என்று அளந்துவிட்டேன்.

ஓடிப்போய் ஹோட்டல் பெண்ணைப் பிடித்தேன். அந்த ஊரில் புத்தரைக் கும்பிடுகிறவர்கள் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சைவம் சாப்பிடுவார்களாம். அதற்கென்றே தனிக் கடைகள் இருக்கின்றன. அவள் ஒரு சீட்டில் அவர்கள் எழுத்தில் எழுதிக் கொடுத்தாள்: கறி, மீன், முட்டை, மீன் தண்ணீர் எதுவும் வேண்டாம். மதியம் அந்தச் சீட்டைக் காட்டி, காளானும் டோஃபுவும் போட்ட கொதிக்கிற சட்டியை வரவழைத்தேன். ஆச்சி திருப்தியாகச் சாப்பிட்டு, “பரவால்லயே குமுதா, எனக்குன்னு எவ்வளவு அக்கறையா ஏற்பாடு பண்ணியிருக்கீங்க,” என்றார். என் தலை அந்தக் கடை வாசலுக்குள் நுழையாத அளவுக்குப் பெருத்துவிட்டது.

பெருத்த தலையோடுதான் நாலு மணிக்குச் சந்தைப் படிக்கட்டுக்குப் போனேன். மழை தூறியது. நீலத் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு பெண் கரியடுப்பில் அரிசி அப்பளத்தைப் போட்டு, மேலே ஏதேதோ தடவிச் சுட்டுக்கொண்டிருந்தாள். செந்திலும் ஷாமினியும் ஸ்ட்ராபெரி வாங்கப் போனார்கள். நானும் ஆச்சியும் குட்டி நாற்காலிகளில் உட்கார்ந்தோம். சீட்டு என் கைப்பையில்தான் இருந்தது. இதற்கெல்லாம் சீட்டா? முட்டை, கறி, சாசேஜ் மூன்றையும் விரலால் காட்டி, கையைக் குறுக்கே ஆட்டினேன். அவள் தலையாட்டினாள். வெங்காயத்தாள் கிண்ணத்திலிருந்து இரண்டு கரண்டி எடுத்துத் தடவிச் சுட்டு, மடித்துக் கொடுத்தாள். முதலில் ஆச்சிக்கு, பிறகு எனக்கு.

மொறுமொறுவென்று இருந்தது. இரண்டாவது கடியில்தான் நாக்கில் பட்டது. மடிப்பைப் பிரித்துப் பார்த்தேன். வெங்காயத்தாளோடு கலந்து, பொடிப்பொடியாகச் சிவப்பாக, கூனி இறால். கருவாட்டுக் கடையில் விற்கிற அதே கூனி.

ஆச்சியைப் பார்த்தேன். முக்கால்வாசி முடித்துவிட்டிருந்தார்.

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நினைக்கவே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். யாருக்குத் தெரியப்போகிறது? சொன்னால், விரதத்தைக் கெடுத்தவள், புரட்டாசி பிறந்ததுகூடத் தெரியாத வீடு என்று பேராகிவிடும். ஷாமினி கதை அந்தப் படிக்கட்டிலேயே முடிந்துவிடும். மூன்று தடவை மடித்த அந்தத் துண்டு கண் முன்னால் வந்தது. ஆனால் என்னிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு நான் சொல்கிற முதல் பாடமே, எங்கே இடித்தாலும் ஓடாதே, இறங்கி நின்று நான்தான் இடித்தேன் என்று சொல் என்பதுதான்.

“ஆச்சி, மன்னிச்சிருங்க. அதுல கூனி இருக்கு. நான் சரியாப் பாக்கல. சீட்டு பையில இருந்தும் எடுத்துக் காட்டல. அதுமட்டுமில்ல, புரட்டாசி பொறக்குதுன்னே எனக்கு ஞாபகம் இல்ல. யோசிச்சு வச்சேன்னு சொன்னது பொய். எம்மேல கோவப்படுங்க, ஷாமினிக்கு இதுல ஒண்ணும் தெரியாது.”

ஆச்சி கையிலிருந்த மிச்சத் துண்டைப் பார்த்தார். தார்ப்பாயிலிருந்து தண்ணீர் சொட்டியது. பிறகு அதை வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினார்.

“மொத வாயிலயே தெரிஞ்சுது.”

வறுத்த வெங்காயத்தைச் சாற்றில் கண்டுபிடித்த நாக்கு அது. கூனியா தப்பும்?

“அப்புறம் ஏன் ஆச்சி சாப்பிட்டீங்க?”

“நல்லா இருந்துச்சு.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் குரல் இறங்கியது.

“கல்யாணமாகி எங்க வீட்டுக்கு வந்தப்ப எனக்கு இருபத்தோரு வயசு, குமுதா. எது சொன்னாலும் சரி சரின்னு தலையாட்டிட்டு, குளியலறைல போய் அழுவேன். பிடிச்சத பிடிச்சதுன்னும் சொன்னதில்ல. ஷாமினி வீட்டுக்கு வந்தப்பல்லாம் நான் என்ன சொன்னாலும் ‘ஓக்கே ஆன்டி, ஓக்கே ஆன்டி’ன்னுது. இன்னொரு மெய்யம்மைய எதுக்குக் கூட்டிட்டு வரணும்னு பயந்தேன். அத எப்படி வெளிய சொல்றது? பார்ப்போம், பார்ப்போம்னு ஓட்டினேன்.”

எட்டு மாதம் நான் பொருமியது வேறு எதையோ நினைத்து. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. “அவ வீட்டுல என் பேச்சக் கேட்டதே இல்ல ஆச்சி. உங்களுக்குப் பயந்துதான் அப்படித் தலையாட்டுறா,” என்றேன்.

“அம்மா நீங்க இப்படி ஒளிக்காம சொல்றவங்கன்னா, பொண்ணும் உள்ள அப்படித்தானே இருக்கும்,” என்றார்.

அவர் கைப்பேசி அலறியது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து பெரியகருப்பன், வீடியோவில்.

“என்ன மெய்யம்மை, சாப்பிட்டியா? சைவந்தானே?”

“அப்பளம் மாதிரி ஒண்ணுங்க. சம்பந்தியம்மா வாங்கிக் குடுத்தாங்க.”

அவர் கைப்பேசியை முகத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தார். “யாரு?”

“சம்பந்தியம்மாங்க. செந்திலுக்கு மாமியார். இதோ பக்கத்துலதான் இருக்காங்க, பாருங்க.”

கைப்பேசியை என் பக்கம் திருப்பினார். கையில் அப்பளத்தோடு, கண்ணில் தண்ணீரோடு நான் அந்த மனிதருக்கு வணக்கம் வைத்தேன். அவர் பதறி எழுந்து நின்று வணக்கம் சொன்னார். சைவமா என்று கேட்டதை அத்தோடு மறந்தே போனார்.

ஆச்சி கைப்பேசியைப் பைக்குள் போடும்போது பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். என் முகத்தைப் பார்த்ததும் ஷாமினியின் கையிலிருந்த ஸ்ட்ராபெரிப் பை சரிந்தது. “ம்மா, என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. உக்காரு,” என்றார் ஆச்சி. “எனக்குப் புரட்டாசி நாளைக்குப் பொறந்துக்கட்டும். இன்னொரு அப்பளம் சொல்லப் போறேன். உனக்குக் கூனி போட்டா, போடாமலா?”

அவள் பழக்கதோஷத்தில், “உங்களுக்கு எது ஓக்கேவோ ஆன்டி...” என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. பாடம் எல்லாம் சொல்லிக்கொடுத்தாகிவிட்டது; இனி அவள்தான் ஓட்ட வேண்டும்.

ஷாமினி மூச்சை இழுத்து விட்டாள்.

“கூனி எனக்குப் பிடிக்காது ஆன்டி. நாத்தம் தாங்காது.”

“அப்பாடா,” என்றார் ஆச்சி. “இனிமே ஆன்டி இல்ல, அத்தை.”