தாய்மாமனுக்கு ஓர் உவமை

என் மகன் சித்தார்த்தின் காதுகுத்து ஃபிளக்ஸுக்கு வாசகம் எழுதியது நான்தான். ஒத்தக்கடை டியூஷன் சென்டரில் பத்தாம் வகுப்புக்கு அணி இலக்கணம் நடத்துகிற எனக்கு, கடைக்காரர் வைத்திருக்கும் வாசகத்தில் பெயரை மட்டும் மாற்றிப் போட மனம் வரவில்லை. மதுரையில் ஃபிளக்ஸில் ஏறுகிற எல்லோரும் சிங்கம். நடந்தால் நிலம் அதிரும், சிரித்தால் மழை பெய்யும். அத்தனையும் உயர்வு நவிற்சி. என் அண்ணன் சுடலைக்கு, அவனுக்குப் பொருந்துகிற ஓர் உவமை போதும் என்று, "மலைபோல் துணைநிற்கும் தாய்மாமன் சுடலை" என எழுதிக் கொடுத்தேன்.

விசேஷத்தன்று காலை, திருப்பரங்குன்றத்து மண்டப வாசலில் அதை முதலில் வாசித்தவர் எங்கள் பெரியப்பா மகன் சின்னக்கருப்பன்.

"என்னடா சுடலை, என் தங்கச்சி வீட்டு ஃபிளக்ஸ்ல என்னைய 'மலையே'ன்னு போட்டாக. உனக்கு 'மலைபோல்'தானா? அப்படின்னா நீ மலை இல்லைன்னுதான அர்த்தம்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சுடலை சிரிக்கவில்லை. சீர்த்தட்டைத் தன் மனைவி செல்லத்தாயின் கையில் கொடுத்துவிட்டு வண்டியை நோக்கி நடந்தான்.

"அண்ணே, எங்க போற?"

"வீட்டுக்குப் போறேன். கம்மல், வேட்டி, பழம்னு எல்லாம் முழுசாத்தான கொண்டாந்தேன்? எழுதுறப்ப மட்டும் உனக்குப் பாதிதான் வருதா? அந்தா, முழு மலை நிக்கிறாருல்ல, அவரு மடியில உன் மகன உக்கார வையி."

தாய்மாமன் மடியில் வைத்துத்தான் எங்களில் காது குத்துவார்கள். கூடப் பிறந்தவன் இருக்கும்போது வேறு ஆள் உட்கார்ந்தால், அந்த மனத்தாங்கல் காலத்துக்கும் தீராது. உள்ளே ஆசாரி காத்திருந்தார். ஃபிளக்ஸை மாற்ற நேரம் இல்லை. மாற்றும் எண்ணமும் எனக்கு இல்லை. என் பாடத்தில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டேன்.

"அவரு சொன்னது சரிதாண்ணே. நீ மலை இல்லை. அதனாலதான் அப்படி எழுதினேன்."

"பாத்தியா, நீயே ஒத்துக்கிற!"

"முழுசாக் கேளு. 'மலையே'ன்னு போட்டா உருவகம். அதுல மலைதான் தெரியும், ஆள் மறைஞ்சு போவான். உவமைன்னா மலையும் நிக்கும், பக்கத்துல நீயும் நிப்ப." மண்டபத்துக்குப் பின்னால் இருந்த குன்றைக் காட்டினேன். "அந்தா இருக்குல்ல, அதுக்கு மடி இருக்கா? பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டப்ப ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடுனது எந்த மலை? எனக்கு நீ வேணும்ணே. அதான் உன்னைய மறைக்காம எழுதினேன்."

சுடலை ஃபிளக்ஸை மறுபடி வாசித்தான். உதடுகள் மெல்ல அசைந்தன.

"இம்புட்டையும் மொதல்லயே சொல்ல மாட்டியா, கழுத!"

"இப்பச் சொன்னியே, அதுதான் உருவகம்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சீர்த்தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு எனக்கு முன்னால் உள்ளே போனான்.

ஆசாரி முதல் காதில் கம்பியை ஏற்றியதும் சித்தார்த் வீறிட்டான். சுடலையின் கன்னத்திலும் கண்ணீர் வழிந்தது.

"என்னடா, மலை ஒழுகுது?" என்றார் சின்னக்கருப்பன்.

சுடலை முகத்தைத் துடைக்கவில்லை. மருமகனைத் திருப்பி உட்கார வைத்து, மடியில் இறுக்கிக்கொண்டான்.

"மலைக்கு எங்கண்ணே அழுகை வரும்? கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஆசாரிக்கு வெளிச்சம் மறைக்குது."