துண்டுக்கு வெளியே ஒரு தலைவர்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். மயிலம் முருகன் சன்னதியில் ஈரத் துணியோடு நிறுத்தி, உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றச் சொன்னாலும் ஏற்றலாம். கூட்டிச் சொன்னது ஒன்றும் இல்லை. சில இடங்களில் குறைத்திருக்கிறது. உள்ளது உள்ளபடி சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் திண்டிவனம் மாட்டுத் தரகர் சங்கத்துக்குப் பச்சைமுத்து தலைவர் ஆனார். ஆனார் என்பதுகூடத் தப்பு. பழைய தலைவர் காலமான பிறகு சங்கத்தில் யாருக்கும் யாரோடும் ஒத்துப்போகவில்லை. இவன் ஓட்டி வந்த மாட்டுக்குச் சுழி சரியில்லை என்று அவன் சொல்லியிருப்பான்; அவன் மாட்டுக்குப் பல் தேய்ந்துவிட்டது என்று இவன் சொல்லியிருப்பான். யாரைப் பற்றியும் எதுவும் சொல்லாத ஒரே ஆள் பச்சைமுத்து. அவர் வாயைத் திறந்து எதுவுமே சொன்னதில்லை என்பதுதான் காரணம். அந்தத் தகுதிக்காகப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள்.

மாட்டுத் தரகு வாயால் நடக்கிற தொழில் அல்ல. இரண்டு பேர் வலது கையைக் கோத்துக்கொண்டு மேலே ஒரு துண்டைப் போட்டு மூடுவார்கள். உள்ளே விரல்தான் பேசும். விரலைப் பிடித்தால் ஒன்று, மடக்கினால் குறை, நிமிர்த்தினால் ஏற்று. கடைசியில் கையை ஓர் உலுக்கு உலுக்கிவிட்டால் பேரம் முடிந்தது. அப்புறம் சர்க்காரே வந்தாலும் மாற்ற முடியாது. சுற்றி நிற்பவனுக்குத் தோள் குலுங்குவது மட்டும் தெரியும்.

அந்தத் துண்டுக்கடியில் பச்சைமுத்துவை அடிக்கத் தென்னாற்காடு ஜில்லாவில் ஆள் இல்லை. ஒரு காளையின் தாய் யார், அதன் தாய் யார், கன்றாக இருந்தபோது அது பட்ட கஷ்டம் என்ன என்பதையெல்லாம் கண்டாச்சிபுரத்துக் குடியானவர் ஒருவருக்கு அவர் விரலாலேயே சொல்ல, அந்த மனிதர் துண்டின் மறுமுனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வல்லத்திலிருந்து மாடு விற்க வந்த ஒருவர், தன் மாட்டையே தான் வாங்கிக்கொண்டு, கடைசியில் ஒரு நல்ல மாடு கிடைத்தது என்று சந்தோஷமாக ஊர் திரும்பினார். வீட்டிலும் அப்படித்தான். கேப்பைக் களியா சோறா என்பதை மனைவி வெள்ளையம்மாள் முந்தானையை அவர் கைமேல் போட்டுத்தான் கேட்பாள். எப்போதும் களியில்தான் முடியும். அவள் அவரைவிடக் கெட்டிக்காரி.

தலைவரான சூட்டோடு சூடாக விழுப்புரத்திலிருந்து சேதி வந்தது. தை பிறந்தால் விழுப்புரம் சந்தையில் திண்டிவனத்தான் துண்டு விழக் கூடாது. திண்டிவனம் பக்கம் அந்த வருஷம் மழை பொய்த்து, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொடி, மண்ணிலேயே கருகியிருந்தது. உள்ளூரில் மாடு வாங்க நாதி இல்லை. விழுப்புரமும் போனால் சங்கத்தில் இருக்கும் அத்தனை வீட்டிலும் அடுப்பில் பூனை தூங்க வேண்டியதுதான்.

விழுப்புரம் சங்கத் தலைவர் விருத்தாசலம் ஒரே ஒரு வழி விட்டிருந்தார். மார்கழிக் கடைசியில் இரண்டு சங்கமும் சேர்ந்து கூட்டம். அதில் திண்டிவனம் தலைவர் மேடையேறி, மைக்கில், வாயைத் திறந்து சந்தையைக் கேட்க வேண்டும். கேட்டால் யோசிக்கலாம். விருத்தாசலத்துக்குப் பச்சைமுத்துவை நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அப்படி ஒரு வழி விட்டார்.

"ஒரே ஒரு வாட்டி, தலைவரே," என்று சங்கக் கூட்டத்தில் கெஞ்சினான் உறுப்பினன் சின்னக்கண்ணு. "'சந்தைய உடுங்க'ன்னு ரெண்டு வார்த்தை. என் பொண்டாட்டி கோழியெல்லாம் வித்துட்டா. அடுத்தது என்னத்தான் விப்பா."

"உன்ன எவன் வாங்குவான்?" என்றார் சங்கக் காரியதரிசி முருகையன். "வாயத் தொறந்து பல்லப் பாத்தா வயசு தெரிஞ்சிடும்."

பச்சைமுத்து சின்னக்கண்ணுவின் கையை இழுத்துத் துண்டைப் போட்டார். உள்ளே விரல்கள் அவசரமாக ஓடின.

"ராஜினாமா பண்றேங்கிறாரு," என்றான் சின்னக்கண்ணு.

"அது முடியாதுங்க." முருகையன் தலையை ஆட்டினார். "ராஜினாமாவ சபையில எழுந்து நின்னு வாயால சொல்லணும். நம்ம சட்டம் அது. சொல்லுங்க, கேட்டுக்கிறோம்."

பச்சைமுத்து எழுந்து நின்றார். உதடு பிரிந்தது. வியர்வை மட்டும் வழிந்தது. விளக்கு வைக்கும்வரை நின்றுவிட்டு உட்கார்ந்தார். இவ்வளவு கஷ்டத்திலும் பதவியை விட்டு ஓடாத தலைவர் என்று சபை கைதட்டிக் கலைந்தது.

வேறு வழியில்லாமல் உபதேசியார் இருதயநாதனிடம் போனார்கள். மாதா கோயிலில் அவர் செபம் சொல்லத் தொடங்கினால் ஸ்டேஷனில் ரயில் கிளம்பிவிடும், விசில் என்று நினைத்து. அவர் பச்சைமுத்துவை ஏரிக்கரைக்கு அழைத்துப்போய் நிறுத்தினார்.

"வயித்துலேர்ந்து எடுங்க அண்ணாத்தே. பயப்படாதீங்க. மொதல்ல ஒரு 'ஆ'."

பச்சைமுத்து கண்ணை மூடி, உயிரையெல்லாம் திரட்டித் தள்ளினார். ஒரு சத்தம் வந்தது. அது இன்ன சத்தம் என்று சொல்வதற்கில்லை. சேற்றில் படுத்திருந்த எருமைகள் அத்தனையும் எழுந்து, உச்சி வெயிலில் வரிசையாக வீட்டுக்குப் போய்க் கறவைக்கு நின்றன. கன்று போடாததும் கறந்தது.

இருதயநாதன் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். "நான் வேண்டிக்கிறேங்க. வேற ஒண்ணும் எனக்குத் தோணல."

அதற்குப் பிறகு பச்சைமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. தெருவில் எதிரே வருகிறவனெல்லாம் "தலைவரே" என்று கும்பிட்டுவிட்டு அவர் வாயையே பார்த்தான். கோழியை விற்றவன் பார்த்தான். பெண்ணின் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டவன் பார்த்தான். தூக்கத்திலும் கை துடித்தது. அப்படித் துடித்ததில் வெள்ளையம்மாளின் கையைப் பிடித்து வீட்டுக் கறவையை அவளிடமே விற்றுவிட்டார். விடிந்ததும் அவள் மாட்டை அவிழ்த்துத் தன் அண்ணன் வீட்டில் கொண்டுபோய்க் கட்டினாள். வியாபாரம் வியாபாரந்தான். ஒருநாள் கிணற்றில் விழுந்துவிடலாம் என்று எட்டிப் பார்த்தார். அடியில் சேறுதான் கிடந்தது. அந்த வருஷம் சாவதற்குக்கூடத் தண்ணீர் இல்லை.

கூட்டத்தன்று திண்டிவனத்தார் அவரை நடுவில் வைத்து ரயிலேற்றினார்கள். விக்கிரவாண்டியில் அவர் இறங்கப் பார்த்தார். வேட்டியைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

விழுப்புரத்தில் சந்தைத் திடலில் பந்தல். விருத்தாசலம் மைக்கைப் பிடித்தார். பேச்சென்றால் அப்படி ஒரு பேச்சு. அவர் பாதி பேசுவதற்குள் பந்தற்காலில் கட்டியிருந்த வாழை பூத்துக் குலை தள்ளிவிட்டது. மேடையில் பச்சைமுத்து, பலிக்குக் கட்டிய கிடா தழையைப் பார்ப்பதுபோல் அந்த மைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து அவர்தான்.

"திண்டிவனத்தாருக்கு மரியாத உண்டு! மார்க்கெட்டு கெடையாது!" என்று முழங்கிய விருத்தாசலம், மரியாதையைக் காட்ட ஒரு பொன்னாடையை எடுத்துப் போர்த்த வந்தார். பச்சைமுத்து நடுங்கிய நடுக்கத்தில் அது தோளில் நிற்காமல் நழுவியது. விருத்தாசலம் அதைக் கீழே விழாமல் வலது கையால் தாங்க, முழுகுகிறவன் வேரைப் பற்றுவதுபோல் பச்சைமுத்து அந்தக் கையை மேலிருந்து பற்றினார். பொன்னாடை சரிந்து இரண்டு கைகளையும் மூடியது.

கை மேல் துணி விழுந்துவிட்டது. அவ்வளவு போதும். பச்சைமுத்துவின் விரல்கள் விழித்துக்கொண்டன.

விருத்தாசலம் தலைவர் ஆவதற்கு முன்னால் எத்தனையோ காலம் தரகர். அவர் வாய் மைக்கில் இருந்தது. கை துணிக்குள் இருந்தது. கருகிய மல்லாட்டையைப் பற்றி, விற்ற கோழிகளைப் பற்றி, நின்றுபோன கல்யாணத்தைப் பற்றி, சேறு கிடந்த கிணற்றைப் பற்றி விரல்கள் சொல்லிக்கொண்டே போயின.

"ஒரு நாளும் உடமாட்டோம்!" என்றது விருத்தாசலத்தின் வாய். சுண்டுவிரல் மடங்கியது.

"ரத்தம் சிந்தினாலும் உடமாட்டோம்!" மோதிர விரல் மடங்கியது. அந்த வாய் எத்தனையோ தடவை மாற்றிப் பேசியிருக்கிறது. அந்தக் கை துண்டுக்கடியில் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் தரகர்கள். மைக்கில் வந்ததை ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு தோள்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் விருத்தாசலத்தின் கை கேட்டது: சந்தையை விட்டுத் தருகிறேன், பதிலுக்கு நீ என்ன தருவாய்? பச்சைமுத்துவிடம் தருவதற்கு ஒன்றுதான் இருந்தது. உலகத்தில் அவர் தொலைக்க ஆசைப்பட்டதும் அது ஒன்றுதான். தலைவர் பதவி, என்றன விரல்கள். விருத்தாசலத்தின் கை ஒரு கணம் யோசித்தது. அப்புறம் உலுக்கியது.

"முடிஞ்சிது!" என்று பந்தல் முழுக்க எழுந்து நின்றது. சின்னக்கண்ணு அழுதான். பச்சைமுத்துவுக்கு மாதக் கணக்கில் அடைத்திருந்த மூச்சு வெளியே வந்தது. சந்தை கிடைத்தது, நாற்காலி போனது, இனி மைக் இல்லை.

பேரம் முடிந்தால் மூத்த தரகர் துண்டை எடுத்துப் பார்ப்பது வழக்கம். விழுப்புரத்தில் மூத்தவர் கண்ணையன். அவர் மேடையேறிப் பொன்னாடையைத் தூக்கினார். குனிந்து பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"யார் கை மேல?" என்றார்.

பச்சைமுத்துவின் கைதான் மேலே இருந்தது. தொழிலில் கீழே இருப்பது விற்கிறவன் கை, மேலே இருப்பது வாங்குகிறவன் கை. குழந்தைக்கும் தெரியும். முழுகுகிறவனுக்குத்தான் அந்த நேரத்தில் நினைவு வராது.

"அப்ப வாங்கினது திண்டிவனத்தாரு," என்றார் கண்ணையன். "சந்தையும் அவருக்கு. வித்தது விருத்தாசலம். அப்ப பேரத்துல வந்த தலைவர் பதவியும் விருத்தாசலத்தோடதுதான், அதுவும் திண்டிவனத்தாருக்குப் போவுது. இனிமே ரெண்டு ஊருக்கும் அவரே தலைவரு."

பச்சைமுத்து பதறிப்போய்த் துணிக்காகக் கையை நீட்டினார். கண்ணையன் அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

விருத்தாசலம் நுகத்தடி இறங்கிய மாடுபோல் பெருமூச்சு விட்டார். "அப்பாடா. பேசிப் பேசித் தொண்டையெல்லாம் புண்ணுய்யா. ஒரே பேஜாரு," என்றவர், மைக்கைப் பச்சைமுத்துவின் வாய்க்கு நேரே திருப்பி வைத்துவிட்டு ஜல்தியாகப் படியிறங்கி வீட்டுக்குப் போனார்.

இரண்டு ஊர்த் தரகர்களும் தலைவரின் ஏற்புரைக்காக வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அன்று தொடங்கி, அறுபத்தாறு வரைக்கும், ஒரு மாதம் விழுப்புரம் மறு மாதம் திண்டிவனம் என்று அப்படியே உட்கார்ந்தார்கள். சந்தை மட்டும் ஒரு வாரம்கூடத் தவறாமல் கூடியது.

திரும்பி வந்தவரை வெள்ளையம்மாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். சேதி அவருக்கு முந்தி வந்திருந்தது.

"ஒண்ணத் தொலைக்கப் போயி ரெண்டா வாங்கிக்கினு வந்திருக்கியே, நீயெல்லாம் ஒரு தரகனாய்யா?"

பச்சைமுத்து நடந்ததைச் சொல்லக் கையை நீட்டினார். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஒன்றைச் சொல்ல விட்டுப்போனது, இதுவும் சத்தியம்: பச்சைமுத்துவுக்கு வலது கை பிறவியிலேயே கிடையாது.