கைராசியும் காலிக் குழாயும்

ஆலைப் புகையில் நைட்ரஜன் ஆக்சைடு என்று ஒரு நச்சு இருக்கிறது. அம்மோனியாவோடு சேர்ந்து சரியான உலோக ஆக்சைடு தூளின் மேல் பட்டால் அது வெறும் நைட்ரஜனும் தண்ணீருமாகிவிடும். அந்தத் தூளைச் செய்வதுதான் என் வேலை. மூன்று வருடத்தில் பதினொரு தூள் செய்தேன். பதினொன்றும் ஏறக்குறைய தொண்ணூற்று நான்கு சதவீத நச்சை ஒழித்தன. எனக்குக் கைராசி என்று எங்கள் ஆய்வகப் பேராசிரியர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் மறுக்கவில்லை.

அன்று பதினொன்றாம் தூளைப் பார்க்க, அதை வாங்கவிருந்த ஆலையிலிருந்து இன்ஜினியரம்மா வரும் நாள். அவர் சரியென்றால் என் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மாதக் கடைசியோடு சரி. எதற்கும் இருக்கட்டும் என்று காலையிலேயே சோதனையை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தோம். கருவியின் சூடான குழாயில் தூளைப் போட்டு, நச்சுப் புகையை உள்ளே விட்டு, எவ்வளவு ஒழிகிறது என்று அளப்பதுதான் சோதனை. கருவியை ஓட்டுகிறவர் என் அக்காவின் கணவர். தொண்ணூற்று நான்கு வந்தது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அத்தான் தலையைச் சொறிந்தார்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?"

"கோவிச்சுக்குவேன். சொல்லுங்க."

"தூள் போட மறந்துட்டேன். இதோ, சட்டைப் பையிலயே இருக்கு."

"அப்போ குழாய்ல என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல. காலி."

குழாயை ஆறவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தேன். இரும்புக் குழாய், உட்புறம் முழுக்கத் துரு. துரு என்றால் இரும்பு ஆக்சைடு. மூன்று வருடமாக வேலை பார்த்தது அதுதான். காலிக் குழாயை ஒரு தடவையாவது ஓட்டிப் பார்ப்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. எல்லாம் நன்றாக வரும்போது எவள் அதைச் செய்வாள்?

அத்தானைக் கண்டபடி திட்டினேன். மறந்ததற்கா, ஒப்புக்கொண்டதற்கா என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதனால் இன்னும் திட்டினேன்.

"பேசாம இருந்துடு. யாருக்குத் தெரியப்போவுது?"

"அவங்க புகைபோக்கி நம்ம குழாய் இல்ல அத்தான். அங்க தூள் கைய விரிச்சா ஊரே இருமும்."

இன்ஜினியரம்மா வந்து உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். பேராசிரியர் பேயறைந்தவர் போலானார். அந்த அம்மா மட்டும் அசரவில்லை.

"கண்ணாடிக் குழாய் இருக்குல்ல? அதுல போட்டுக் காட்டுங்க."

கண்ணாடிக் குழாய் காலியாக ஓடியபோது பூஜ்யம் வந்தது. பதினொன்றாம் தூளோடு ஓடியபோது முப்பத்தொன்று.

"எங்களுக்குக் குறைஞ்சது எண்பது வேணும்மா," என்றார். தேநீரை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுக் கிளம்பினார். மாதக் கடைசிவரை வரலாம் என்று பேராசிரியர் என்னிடம் சொன்னார். கழிப்பறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

திரும்பி வந்தபோது அத்தான் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். முப்பத்தொன்று என்று எழுதியிருந்தார்.

"இதாவது நீ செஞ்சதுதானே?"

ஆமாம். மூன்று வருடத்தில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு எண்தான். தேதி போட்டுக் கையெழுத்திட்டேன்.