அடைத்த வளை

மழைக்கு முன்னால் காட்டைக் கொளுத்திச் சோளம் போடுகிற மாதம். மஹாதும்பி வெட்டிப் போட்ட புதர்கள் காய்ந்து மொடமொடவென்று கிடந்தன. ஒரு குச்சி கிழித்தால் போதும். பக்கத்திலேயே வுத்சுத்சா என்கிற பெரிய எலிகளின் வளை. முயல் உயரம், முயல் காது, எலி வால். மடகாஸ்கரின் இந்த மேற்கு ஓரக் காட்டை விட்டால் அவற்றுக்கு உலகத்தில் வேறு இடம் கிடையாது. வனக்காவல்காரி சுவாவெலுவின் பகுதியில் மிஞ்சியது ஒரே ஜோடியும் அதன் குட்டியும்தான்.

அவனைத் தடுப்பது அவள் வேலை. ஆனால் அவன் அவளுக்குக் கேலிமுறை. இரண்டு குலத்துக்கும் எந்தக் காலத்திலோ ஏற்பட்ட உறவு. ஒருவரை ஒருவர் எப்படியும் ஏசலாம், கேட்காமல் கோழியைத் தூக்கிப் போகலாம். கோபம் மட்டும் கூடாது. கோபப்பட்டால் உறவு அறுந்தது. சாவு விழுந்தால் பிணம் தூக்க வருவதும் கேலிமுறைக்காரர்கள்தான். போன வருடம் சுவாவெலுவின் அம்மாவைச் சுமந்தவன் மஹாதும்பி. கிழவி கனக்கிறாள் என்று வழியெல்லாம் திட்டி, அழுதுகொண்டு வந்தவளைச் சிரிக்க வைத்தான். இப்போது அப்பா படுக்கையில்.

"வாடி, எலிக்குப் பொறந்தவளே" என்றான். "உன் மாமியா வீடு காலி. வாசலெல்லாம் மண்ணு. எப்பவோ ஓடிப் போச்சுங்க."

உள்ளே இருந்தால்தான் வாசலை அடைக்கும், பாம்புக்குப் பயந்து, என்று அவள் சொன்னாள். அவன் சிரித்தான். குட்டி இருக்கிறது என்றாள். அப்படியானால் குட்டி பிறந்ததற்கு விருந்து எங்கே என்று, பிள்ளைகளோடு பின்னால் நின்ற அவன் மனைவி கேட்டாள். போலீஸ் வரும் என்றதற்கு இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். கேலிமுறைக்காரி சொல்வதை யார் நிஜமென்று எடுத்துக்கொள்வார்கள்?

தெற்கே பஞ்சத்தில் பாதிக் குடும்பத்தைப் புதைத்துவிட்டு வந்தவன் அவன். பிள்ளைகள் காட்டுக் கிழங்கைத் தின்று வயிறு ஊதி நின்றன. எலியை எண்ணக் காரில் வருகிற துரைமார் எவரும் அந்த வயிறுகளை எண்ணவில்லை. அவளுக்கும் அது தெரியும். தெரிந்து என்ன கிழிக்க?

அவன் தீப்பெட்டியை எடுத்தான்.

"மஹாதும்பி." ஏசாமல், பெயரை மட்டும் சொன்னாள். "நான் கோவமாத்தான் சொல்றேன். இனிமே உனக்கும் எனக்கும் கேலி இல்ல."

சிரிப்பு நின்றது. அவன் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு குனிந்து வளை வாசலில் விரலை வைத்தான். மேல்மண் காயவே இல்லை. உள்ளிருந்து புதிதாகத் தள்ளிய மண். தீப்பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டான்.

"சரிங்க" என்றான். "உங்க அப்பாவத் தூக்க வேற ஆள் பாத்துக்குங்க."

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடந்தார்கள். கடைசிப் பெண் மட்டும் எப்போதும்போலத் திரும்பி, சுவாவெலுவைப் பார்த்து நாக்கை நீட்டியது. தாய் அதன் தலையில் ஓங்கி ஒன்று வைத்தாள்.