மாதா கோயில் வளைவு

பந்தயத்துக்கு முன்னால் ஆல்ப்ஸ் மலைப்பாதையை ஓட்டிப் பார்த்து, எங்கெங்கே பனி உறைந்திருக்கிறது என்று தங்கை மயேலிடம் சொல்வது பல வருடமாகப் பஸ்தியானின் வேலை. பந்தயக் காரை ஓட்டுபவள் அவள். "மாதா கோயில் வளைவு காஞ்சு கெடக்கு, வேகத்தக் குறைக்காத" என்று சொல்லிவிட்டு, அவள் போவதைப் பார்க்கக் குறுக்குவழியில் ஏறி அந்த வளைவுக்கு வந்தான். அங்கே வேடிக்கை பார்க்க வந்த நாலைந்து பேர் ஓரத்துப் பனியை மண்வாரியால் அள்ளிச் சாலையில் வீசிக்கொண்டிருந்தார்கள்.

"டேய், என் தங்கச்சி வர்றாடா! நிறுத்துங்கடா!"

"கோவப்படாதண்ணே, இந்தா ஒயின் குடி. வழுக்கினாத்தான பாக்க நல்லாருக்கும்?"

போனில் சிக்னல் இல்லை. ஒருவனிடமிருந்து மண்வாரியைப் பிடுங்கிக்கொண்டு சாலையில் இறங்கினான். பாதிப் பனியைத் தள்ளுவதற்குள் இன்ஜின் உறுமல் நெருங்கிவிட்டது. யாரோ சட்டையைப் பிடித்து அவனை ஓரத்துக்கு இழுத்தார்கள்.

வளைவில் திரும்பும்வரை அந்தப் பனி காரில் வருபவர் கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் கார் வளைவுக்கு வெகு முன்பே வேகத்தைக் குறைத்து, ஊர்ந்தாற்போலக் கடந்து போனது.

"என்னண்ணே, உன் தங்கச்சி பால் வண்டியா ஓட்டுது?"

பஸ்தியான் மண்வாரியைக் கீழே போட்டான். காய்ந்திருக்கிறது என்று அவன் சொன்ன இடங்களில் எத்தனை வருடமாக அவள் இப்படி பிரேக் பிடிக்கிறாளோ?