நார்மல் ஆன எய்லர்ட்

வட கடலுக்கு அடியில் பதினைந்து வருடம் எண்ணெய்க் குழாய் பற்றவைத்தவர் எய்லர்ட். நானும் அவரோடு முங்கியவன்தான். வாரக்கணக்கில் அழுத்த அறைக்குள் அடைபட்டு, ஹீலியம் கலந்த காற்றை இழுத்து, வாத்து மாதிரி கத்திக்கொண்டு கிடந்தோம். இப்போது நார்வேயின் ஸ்டாவாங்கர் துறைமுகத்தில் மீன் வாங்கினால், வீடு சேர்வதற்குள் மூன்று இடத்தில் மூச்சு வாங்க உட்காருகிறார் எய்லர்ட்.

கம்பெனி டாக்டர் ரீஸே அவரை மூச்சு அளக்கும் குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்தார்.

"சராசரி ஆளோட மூச்சுல தொண்ணூத்தாறு சதவீதம். நார்மல்."

"வேலைக்குச் சேர்ந்தப்ப நூத்தி முப்பத்தஞ்சு இருந்துச்சே டாக்டர்?"

"அப்ப அளவுக்கு மீறி இருந்திருக்கு. இப்பத்தான் எல்லார் மாதிரியும் வந்திருக்கீங்க."

"அப்போ கடல் என்னைக் குணப்படுத்தி அனுப்பியிருக்குங்கறீங்க!"

டாக்டர் சிரிக்கவில்லை. தொழில் நோய் இல்லை என்று இழப்பீட்டுக் குழுவுக்கு எழுதி அனுப்பிவிட்டார்.

அந்த வசந்தத்தில் கம்பெனிக்கு எங்கள்மீது திடீரென்று பாசம் பொங்கியது. முங்குபவனுக்கு வெண்கலச் சிலை, அதுவும் குன்றின் உச்சியில். திரையை விலக்க எய்லர்ட்தான் வர வேண்டுமாம்.

"போகாதே. உச்சிக்குப் போறதுக்குள்ள நீயே சிலையாயிடுவே" என்றாள் அவர் மனைவி குட்னி.

"நார்மலான ஆளு நான். ஏறாம என்ன?"

விழா அன்று குன்றின் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். உதடு நீலம் பாரித்திருந்தது. மேலே வாத்தியக்குழு அதே பாட்டை மறுபடி மறுபடி வாசித்தது. நிர்வாகி மைக்கைப் பிடித்தபடி மழையில் நனைந்தார். கடைசியில் விருந்தாளியாக வந்திருந்த ரீஸேதான் இறங்கி ஓடிவந்தார்.

"சொல்லியிருந்தா கார் அனுப்பியிருப்போமே!"

எய்லர்ட்டுக்கு மூச்சு இரைத்தது. கையை மட்டும் ஆட்டினார். பின்னாலேயே உள்ளூர்ப் பத்திரிகைக்காரி வந்து நின்றாள்.

"இவருக்கு என்ன ஆச்சு டாக்டர்?"

பதற்றத்தில் ரீஸே எரிந்து விழுந்தார். "அத்தனை வருஷம் ஆழத்துல வேலை பாத்தா நுரையீரல் என்னத்துக்காகும்? தள்ளி நில்லும்மா, காத்து வரட்டும்!"

சொன்ன பிறகுதான் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். அதற்குள் அவள் பதிவு செய்துவிட்டாள். மேலே நிர்வாகியே திரையை இழுத்துக் கைதட்டிக்கொண்டார்.

மறுநாள் முதல் பக்கத்தில் அந்த வாசகம் வந்தது. தான் பொதுவாகச் சொன்னதாக ரீஸே மறுப்பு விட்டார். யாரும் காதில் வாங்கவில்லை. இழப்பீட்டுக் குழு மறு பரிசோதனைக்குக் கூப்பிட்டது. இந்த முறை வேறு டாக்டர், ஊர்ச் சராசரியை விட்டுவிட்டு எய்லர்ட்டின் பழைய மூச்சோடு ஒப்பிட்டார். தொழில் நோய்தான் என்று தீர்ப்பாயிற்று. ஓய்வூதியமும் வந்தது.

போன மூச்சு வரவில்லை. மாடியேற முடியாததால், அவர் கட்டிலைக் கீழே இறக்க நானும் குட்னியும் போனோம். நடுப்படியில் எனக்கு மூச்சு முட்டி, கட்டிலை அப்படியே நிறுத்தினேன்.

"உனக்கு எத்தனை சதவீதம்டா?" என்று கீழேயிருந்து கேட்டார் எய்லர்ட்.

திங்கட்கிழமை நானும் ஊதப் போகிறேன்.